தண்ணீர் எங்கே போகிறது?

மல்லாங்கிணற்றில் வாடகைக்கு ஓடும் ஒரு பழைய காரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சித்திரை மாதத்து வெயில். விருதுநகர் வழியாகச் சிவகாசிக்கு ஒரு சவாரி. பாதி வழியில் காரின் முகப்பிலிருந்து ஆவி கிளம்புகிறது. டிரைவர் வண்டியை வேப்பமர நிழலில் ஓரங்கட்டுகிறார்; பானெட்டைத் தூக்கி வைக்கிறார். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறார். வண்டி மறுபடியும் ஓடுகிறது. மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாளும் இதே கதை.

“வெயில் காலம், வண்டி தண்ணீர் குடிக்கிறது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எஞ்சின் தண்ணீர் குடிப்பதில்லை! பெட்ரோல் எரிந்து தீர்வதற்காக ஊற்றப்படுவது. ரேடியேட்டர் தண்ணீரோ மூடிய பாதையில் சுற்றிச் சுற்றி வருவதற்காக ஊற்றப்படுவது. அது குறைந்துகொண்டே போனால், எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

பொருள் அழிவதில்லை என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? காணாமற்போன இரண்டு லிட்டர் தண்ணீரும் எங்கோ போயிருக்கிறது. போன வழியில் ஏதோ ஓர் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறது. அந்த அடையாளத்தைத் தேடுவதுதான் மெக்கானிக்கின் வேலை. அந்த வேலையில் பௌதிகமும் இரசாயனமும் எப்படி உதவுகின்றன என்று பார்ப்போம்.

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு?

சிலிண்டர் என்னும் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும்போது, வாயுக்களின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். வார்ப்பிரும்பு சுமார் 1200 டிகிரியில் உருகும். அப்படியானால் எஞ்சின் ஏன் உருகிவிடுவதில்லை? சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைகளில் ஓடும் தண்ணீர் வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிச் சென்றுவிடுகிறது.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. மீதிப் பங்கைத் தண்ணீர்தான் சுமக்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி தேவை. நாம் அன்றாடம் காணும் திரவங்களில் இவ்வளவு வெப்பத்தை ஏற்றுக்கொள்வது தண்ணீரே. அதனால்தான் அதற்கு இந்த வேலை கிடைத்தது.

வாட்டர் பம்ப் தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சூடேறிய தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியே ஓடும்போது காற்று அதன் வெப்பத்தைப் பறித்துக்கொள்கிறது. ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் எஞ்சினுக்குப் போகிறது. நடுவே தெர்மோஸ்டாட் என்னும் வாயிற்காவலன் ஒருவன் இருக்கிறான். தண்ணீர் சுமார் 80 முதல் 90 டிகிரி வரை சூடாகும் வரையில் அவன் ரேடியேட்டருக்கு வழி விடமாட்டான். எஞ்சின் மிகக் குளிர்ந்திருந்தாலும் நன்றாக ஓடாது என்பதே காரணம்.

தண்ணீர் குடித்த முதல் கார்

“எஞ்சின் தண்ணீர் குடிப்பதில்லை” என்றோமே, உண்மையிலேயே தண்ணீர் குடித்த கார் ஒன்று உண்டு. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டிதான் அது. அதில் தண்ணீரைக் குளிரவைத்துத் திரும்ப அனுப்ப இன்றுள்ளது போன்ற ரேடியேட்டர் இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதன் மூலமே எஞ்சின் குளிர்ந்தது.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், 15 வயது ஆய்கன், 13 வயது ரிச்சர்ட் ஆகிய இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலேயே இந்த வகை வண்டியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். சுமார் 100 கிலோமீட்டர்! உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் இதுவே என்பார்கள். வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்னும் ஊரில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். ஆனால் அவரை அடிக்கடி நிறுத்தியது எரிபொருளன்று, தண்ணீர்தான். கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லையைக் குறைத்தவர் வில்ஹெல்ம் மைபாக். 1900-இல் அவர் வடிவமைத்த மெர்சிடிஸ் காரில் தேன்கூட்டைப் போன்ற ஒரு ரேடியேட்டர் இருந்தது. அதில் 8070 சிறு குழாய்கள்! காற்றுப் படும் பரப்பு மிகுந்ததால் சுமார் 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாயிற்று. அன்றிலிருந்து தண்ணீர் செலவாகும் பொருளாக இல்லாமல், சுற்றிவரும் வேலையாளாக மாறியது. இன்று நம் கார் தண்ணீர் குடித்தால் அது 1888-க்குத் திரும்பிவிட்டது என்று பொருள்!

சின்ன மூடி, பெரிய வேலை

ரேடியேட்டரின் மூடி பார்வைக்குச் சாதாரணமானது. ஆனால் அதன் தந்திரம் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. 2000 மீட்டருக்கும் மேல் உள்ள கொடைக்கானலில், காற்றழுத்தம் குறைவாதலால், சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடினால் இதற்கு நேர்மாறாகக் கொதிநிலை உயரும். 1679-இல் டெனி பாப்பான் செய்த ஆவிப் பாத்திரமும் இன்றைய பிரஷர் குக்கரும் இந்த உண்மையில்தான் வேலை செய்கின்றன.

ரேடியேட்டர் மூடியும் அதைத்தான் செய்கிறது. மூடிக்குள் ஒரு சுருள்வில்லும் ரப்பர் வளையமும் உள்ளன. பல மூடிகளின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். வெளிக்காற்றைவிட அவ்வளவு அழுத்தம் கூடுதலாகும் வரை வில் விட்டுக்கொடுக்காது. இதனால் உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். அழுத்தம் அதற்கும் மேலே போனால் வில் சற்றே விலகும். கொஞ்சம் தண்ணீர் பக்கத்திலுள்ள ரிசர்வ் பாட்டிலுக்குப் போகும். எஞ்சின் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும். அப்போது மூடியின் நடுவிலுள்ள இன்னொரு சிறு வால்வு திறந்து, போன தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இந்தச் சிறு பொருளைப் பழுதின்றிச் செய்வது பெரிய தொழில்நுட்பம். சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் நிறுவனம் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடிகள் செய்து அனுப்பி, அந்நிறுவனத்தின் சிறந்த சப்ளையர் விருதையும் பெற்றது என்பது நமக்குப் பெருமை.

ரப்பர் வளையம் வெடித்துவிட்டாலோ வில் தளர்ந்துவிட்டாலோ என்ன ஆகும்? தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். பாட்டில் வழியாகப் பொங்கி வழிந்துபோகும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலேயே தண்ணீர் குறையும். எனவே சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இந்த மூடியே. மாற்றுவதற்குச் செலவும் குறைவு.

சூடான மூடியைத் தொடாதீர்கள்!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சினுக்குள் 6 லிட்டர் தண்ணீர் 115 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். யாரோ அவசரப்பட்டு மூடியைத் திறக்கிறார். அழுத்தம் நொடியில் விழுகிறது. இனி அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் தண்ணீராக இருக்க முடியாது. மிகுதியான 15 டிகிரி வெப்பமும் ஆவியாக்கப் பயன்படும்.

6000 கிராம் × 15 டிகிரி = 90,000 கலோரி. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 540 கலோரி வேண்டும். 90,000-ஐ 540-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 167 கிராம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் 1.67 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆகவே பிறக்கும் ஆவி ஏறக்குறைய 280 லிட்டர்! 14 லிட்டர்க் குடங்கள் இருபதை நிரப்பும் ஆவி, கைப்பிடி அளவுள்ள வாய் வழியாக, கொதிநீரையும் அள்ளிக்கொண்டு முகத்தை நோக்கிப் பாயும். மூடியின் மேல் துணியைப் போட்டுத் திறந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

எனவே வண்டி ஆவி கக்கினால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மேல் ஹோஸைத் தொட்டால் சூடு தெரியாத நிலை வந்த பிறகே மூடியில் கை வைக்கலாம். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுவதும் தவறு. சுட்ட கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடுவதுபோல வார்ப்பிரும்பும் விரிசல் விடக்கூடும்.

இன்னொரு எச்சரிக்கை. சூடு காட்டும் முள் உச்சிக்குப் போய், பிறகு தானாகக் கீழே இறங்கினால் “ஆறிவிட்டது” என்று மகிழக் கூடாது. வெப்பத்தை அளக்கும் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் முள் பொய் சொல்லும்!

எது முந்தியது?

நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் கேள்விகளைத்தான் எடுப்பார்.

“எப்போது அண்ணாச்சி கடைசியாகத் தண்ணீர் ஊற்றினீர்கள்?”

“நேற்றுக் காலையில்தான். ரெண்டு லிட்டர் பிடித்தது.”

“அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது? நிற்கும்போது சூடாகிறதா, வேகமாகப் போகும்போதா?”

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. தண்ணீர் குறைந்ததால் எஞ்சின் சூடேறியிருக்கலாம். அல்லது எஞ்சின் சூடேறியதால் தண்ணீர் கொதித்து வெளியேறியிருக்கலாம். இரண்டில் எது முந்தியது என்று தெரிந்தால்தான் நோய் தெரியும். தண்ணீர் மட்டம் சரியாக இருக்கும்போதே முள் ஏறினால் கசிவைத் தேடுவது வீண். கடைத்தெருவில் மெதுவாகப் போகும்போது மட்டும் சூடேறினால் மின்விசிறியையோ அதன் பெல்ட்டையோ சந்தேகிக்கலாம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது காற்று தானாகவே வீசுகிறது; அப்போதும் சூடேறினால் ரேடியேட்டர்க் குழாய்கள் அடைத்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருப்பது தண்ணீர் சுற்றவில்லை என்பதற்கு அடையாளம்.

மட்டம் முதலில் குறைந்து, பிறகு சூடேறினால் அது கசிவுதான். இனி வழியைத் தேட வேண்டும்.

வெளியே கசியும் தண்ணீர்

இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைப்பது எளிய சோதனை. காலையில் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால், அதற்கு நேர் மேலே கசிவு இருக்கும். ஏ.சி. உள்ள காரில் அது போட்டு நிறுத்தியவுடன் சொட்டுவது காற்றிலிருந்து குளிர்ந்த வெறும் தண்ணீர். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கூலன்ட் கலந்த நீர் என்றால் நிறமும் வழவழப்பும் இருக்கும். அதை நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும்; ஆனால் கொடிய நஞ்சு.

சொட்டுத்தானே என்று அலட்சியம் செய்யலாமா? 20 சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3600 சொட்டு, அதாவது 180 மில்லிலிட்டர். பத்து மணி நேரத்தில் 1.8 லிட்டர்! நம் டிரைவர் ஊற்றும் இரண்டு லிட்டருக்கு ஒரு சொட்டே கணக்குச் சொல்லிவிடுகிறது.

கசியும் இடங்கள் வழக்கமானவையே: ஹோஸ் மாட்டியிருக்கும் கிளிப்புகள், வெடிப்பு விட்ட ரப்பர், ரேடியேட்டரின் மூலைகள், வாட்டர் பம்ப். பம்பின் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள்ளே தண்ணீரைத் தடுக்கும் வளையம் தேய்ந்தால் அந்தத் துளை வழியே சொட்டி, “என்னை மாற்று” என்று அறிவிக்கும்.

சில கசிவுகள் அட்டையில் விழவே விழா. சூடான இரும்பில் பட்டதும் ஆவியாகிவிடும். அங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் சாட்சி சொல்கிறது! விருதுநகர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் உப்புச் சுவையுடையது. நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. கசிந்த இடத்தில் வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். இன்னும் சில கசிவுகள் அழுத்தம் ஏறினால்தான் திறக்கும். அவற்றுக்கு, ஆறிய ரேடியேட்டரில் கைப்பம்பு மூலம் காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

உள்ளே மறையும் தண்ணீர்

வெளியே ஒரு சொட்டும் இல்லை. முள் மட்டும் இறங்குகிறது. அப்படியானால் தண்ணீர் உள்ளே போகிறது. எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ஹெட் கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு இருக்கிறது. தண்ணீர், எண்ணெய், எரியும் வாயு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதுதான். எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் மேல்பகுதி நெளிந்து, கேஸ்கட் பழுதாகலாம். பிறகு தண்ணீர் குறையும். அதனால் மேலும் சூடேறும். அதனால் கேஸ்கட் மேலும் பழுதாகும். காரணமே விளைவாகவும் விளைவே காரணமாகவும் சுழலும் சுழல் இது.

இதற்கும் அடையாளங்கள் உண்டு. தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், எஞ்சின் சூடான பின்பும் சைலன்சரில் வெண்மையான ஆவி ஓயாமல் வரும். எண்ணெயில் கலந்தால், எண்ணெயின் நிறம் மோர் ஊற்றிய காபி போல மாறும். எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழிகள் எழும். குளிர்ந்த எஞ்சினை ஓட்டத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும்.

உறுதி செய்ய ஓர் அழகான இரசாயனச் சோதனை இருக்கிறது. பெட்ரோல் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். ரேடியேட்டரின் வாயில் உள்ள காற்றை நீல நிறத் திரவம் ஒன்றின் வழியே இழுப்பார்கள். அது புரோமோதைமால் நீலம். கார்பன் டை ஆக்சைடு கரைந்து அமிலமாகும்போது அது பச்சையாகி மஞ்சளாகும். நிறம் மாறினால் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் வந்திருக்கிறது என்று தீர்ப்பு! எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உள்ளே பார்த்துவிடலாம்.

உப்பும் மஞ்சளும்

சாட்சி சொன்ன அதே உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குப் பகைவனும் ஆகும். கடினநீர் சூடாகும்போது சுண்ணாம்புப் படிவு உண்டாகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் படிவு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மோசமான வெப்பக் கடத்தி. தினமும் இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றுவது, தினமும் கொஞ்சம் சுண்ணாம்பை எஞ்சினுக்குள் பூசுவதற்குச் சமம். வாலை வடிநீருடன் கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. “நம் ஊரில்தான் பனிக்கட்டி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. உறைநிலையைத் தாழ்த்துவதோடு அது கொதிநிலையையும் உயர்த்துகிறது. துருவையும் படிவையும் தடுக்கிறது. நமக்கு வேண்டியவை பின்னிரண்டும்தான்.

கசியும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் வழக்கமும் நம் டிரைவர்களிடம் உண்டு. இது மூடநம்பிக்கையன்று. தூள் நீரில் ஊறிப் பருத்து, தண்ணீர் வெளியேறும் இடத்தை நோக்கி இழுபட்டு, சிறு துளையை அடைக்கிறது. வழியில் நின்றவர் ஊர் போய்ச் சேர இது உதவலாம். ஆனால் எது துளை, எது குழாய் என்று மஞ்சளுக்குத் தெரியாது! ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அது அடைத்துவிடும். ஊர் வந்தவுடன் கழுவிவிட்டு, துளையை முறையாகச் சரிசெய்ய வேண்டும்.

பத்து நாள் அலட்சியம் செய்தால் ஒரு கிளிப்பின் பழுது கேஸ்கட்டின் பழுதாகிவிடும். கேஸ்கட்டையும் அலட்சியம் செய்தால் எஞ்சினே போய்விடும். வாடகைக் காரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பிழைப்பே போவதற்குச் சமம். ஆகவே தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஒரு நோட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று எண்களே மெக்கானிக்குக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

செய்து பாருங்கள்

1. குழாயை நொடிக்கு ஒரு சொட்டு விழுமாறு திறந்து, பத்து நிமிடம் அளவுச் சாடியில் பிடியுங்கள். நம் கணக்குச் சரிதானா?

2. ஆசிரியரின் உதவியுடன், ஊசி இல்லாத சிரிஞ்சில் கால் பங்குக்கு வெந்நீர் எடுத்து, காற்றை வெளியேற்றி, வாயை மூடியால் அடைத்துத் தண்டை வெளியே இழுங்கள். அடுப்பே இல்லாமல் நீர் கொதிக்கும்! அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள உறவு கண்முன் தெரியும்.

3. சுண்ணாம்புத் தெளிநீரில் உறிஞ்சுகுழல் வழியே மெதுவாக ஊதுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள். அது பால் போலாகும். மெக்கானிக்கின் நீலத் திரவம் ரேடியேட்டரில் தேடும் கார்பன் டை ஆக்சைடு உங்கள் மூச்சிலும் இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.